கற்றுக்கொண்டு வந்த மேடம்

மேடத்திடம் எந்த யோசனையைச் சொன்னாலும் முதலில் ஒரு கேள்வி வரும். "இது எங்க நடக்குது?"

நல்லதா, கெட்டதா, யாருக்கு உதவும் என்பதெல்லாம் அப்புறம்தான். ஏற்கெனவே எங்கேயாவது நடந்துகொண்டிருந்தால் அது யோசனை. இல்லையென்றால் வெறும் பேச்சு. வடக்கே ஏதாவது ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னால் பேனாவின் மூடியைத் திறப்பார். கொரியா, டென்மார்க் என்றால் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொள்வார்.

திருவொற்றியூர்ப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் நான் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தபோது அவர் அங்கே அதிகாரி. என் வேலை வெற்றிக் கதைகள் எழுதுவது. எந்தத் திட்டம் வந்தாலும் அதனால் பயன் பெற்ற ஒருவரின் புகைப்படமும் ஒரு பக்கக் கதையும் மேலிடத்துக்குப் போக வேண்டும். நகைச்சுவைக் கட்டுரை எழுதிக் குடும்பம் நடத்த முடியாது என்று காலம் கடந்து தெரிந்துகொண்டவனுக்கு, இலக்கியத்துக்குப் பக்கத்தில் கிடைத்த அரசுப் பணி அது ஒன்றுதான். பல சமயம் திட்டம் தொடங்குவதற்கு முன்பே வெற்றிக் கதையைக் கேட்டுவிடுவார்கள். என் கற்பனைக்கு அவ்வளவு மரியாதை எந்தப் பத்திரிகையும் தந்ததில்லை.

மேடம் ராயபுரத்துக்காரர். அப்பா ரயில்வேயில் இருந்தவர். கழுத்தில் நூல் போன்ற சங்கிலியில் சின்னச் சிலுவை, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் ஏதாவது ஒரு கருத்தரங்கில் கொடுத்த சணல் பை. பயிற்சி வகுப்புகளில் கழுத்தில் மாட்டிவிடும் பெயர் அட்டைகளை அவர் தூக்கிப் போட்டதே இல்லை. அவர் அறை பீரோவின் கைப்பிடியில் அவை கொத்தாகத் தொங்கும். பீரோவைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் பல மாநிலங்களை விலக்க வேண்டும்.

அவரைக் கிண்டல் செய்வது எளிது. அலுவலகத்தில் எல்லோரும் செய்தோம்; எழுத்தாளன் என்ற முறையில் நான் கொஞ்சம் தரமாகச் செய்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பயிற்சி வகுப்பில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லா அதிகாரிகளும் கண் திறந்தபடி தூங்குகிற நேரத்தில், எழுந்து நின்று கேள்வி கேட்கிற ஒரே ஆள் அவர்தான். சான்றிதழுக்காகப் போனவர்கள் சான்றிதழோடு வந்தார்கள். மேடம் கற்றுக்கொண்டு வந்தார். எங்கள் கஷ்டமே அதுதான்.

ஒருமுறை ஜப்பான்காரர்களின் ஒழுங்கைக் கற்றுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், அந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் நாடா. குப்பைக் கூடைக்கு ஒரு சதுரம், தண்ணீர் கேனுக்கு ஒரு வட்டம், டீ பிளாஸ்க்குக்கு மேஜை மேலேயே ஒரு சின்னக் கட்டம். ஒரு வாரத்தில் குப்பைக் கூடை பழைய மூலைக்கே போய்விட்டது. அலுவலகத்துப் பூனை மட்டும் அதன் சதுரத்துக்குள் தினமும் கோடு தாண்டாமல் படுத்துக் கிடந்தது. ஆய்வுக்கு வந்த உயர் அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கான இடம்?" என்று கேட்டார். "அது பழகிக்கிச்சு சார், ஸ்டாஃப்தான் இன்னும் பழகல" என்றார் மேடம். முகத்தில் சிரிப்பு இல்லை.

இன்னொரு முறை, பின்லாந்துக்காரர்களின் கருத்துச் சொல்லும் இயந்திரம். வாசலில் ஒரு கம்பத்தின் மேல் மூன்று மூஞ்சிகள்: சிரிப்பது, சும்மா இருப்பது, அழுவது. வேலை முடிந்து போகிறவர்கள் ஒன்றை அமுக்க வேண்டும். மாதக் கடைசியில் பார்த்தால் மக்கள் எல்லோரும் மகிழ்ச்சியில் திளைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கே சந்தேகம் வந்து, பிறப்புச் சான்றிதழுக்காகப் பல வாரங்களாக நடந்துகொண்டிருந்த ஒரு தண்டையார்பேட்டைக்காரரை நிறுத்திக் கேட்டேன்.

"ஏன் பெரியவரே, உங்க வேலதான் முடியலையே. எதுக்கு சிரிக்கிற மூஞ்சிய அமுக்குனீங்க?"

"இன்னா நைனா இப்டி கேக்குற? அழுவுற மூஞ்சிய அமுக்குனா உள்ள கீறவங்க கோச்சிக்க மாட்டாங்க? அப்பால என் பேப்பரு எங்கேர்ந்து வரும்?"

இதை மேடத்திடம் சொன்னேன். அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, "பின்லாந்துல இந்தப் பிரச்சன வரல போல" என்றார்.

அவர் தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு நாள், எண்ணூர்ப் பக்கம் கைப்பம்புகளைப் பார்வையிடப் போயிருந்தோம். ஒரு பம்பில் தண்ணீர் ஏறவில்லை என்று உதவிப் பொறியாளர் குனிந்து நிமிர்ந்து விளக்கிக்கொண்டிருந்தார். மேடம் பையை என்னிடம் கொடுத்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். கைப்பிடியை அரை அளவுக்கு மட்டும் தூக்கி, சின்னச் சின்னதாகப் பல தடவை வெட்டி அடித்து, சட்டென்று ஓர் இழுப்பு இழுத்தார். தண்ணீர் கொட்டியது. மறு கையால் குடத்தை நகர்த்தி, ஒரு சொட்டு சிந்தாமல் வாய்க்கு நேராக வைத்தார். சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது சின்ன வயதிலிருந்து அடித்த கை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

"மேடம், எங்க கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"இதெல்லாம் கத்துக்கிறதா சார்?" என்று பையை வாங்கிக்கொண்டார்.

இந்தப் பதிலை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். தனக்குக் கையோடு வந்தது எதையும் அவர் அறிவுக் கணக்கில் சேர்த்ததில்லை. அறிவு என்பது ரயிலேறிப் போய், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வாங்கி வருவது.

தண்ணீர் விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்குப் போகிற வழியில் ஒரு தெரு. அங்கே குழாய் உண்டு. அதில் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்களும் சிலர் உண்டு. மற்றபடி காதர் பாய் ஓட்டுகிற தண்ணி லாரிதான். அது எப்போது வரும் என்று காதர் பாய்க்கே தெரியாது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் சாலையை அடைத்துக்கொண்டு நின்றால் அவரும் நிற்க வேண்டியதுதான். காலையிலும் வரும், மத்தியானமும் வரும். தெருவில் ஆண்கள் கடலுக்குப் போகிறவர்கள். பெண்கள் விடிவதற்கு முன் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து விற்கிறவர்கள். லாரி வருகிற நேரத்தில் தெருவில் ஆள் இருக்காது.

அதற்கு அந்தத் தெரு ஒரு வழி வைத்திருந்தது. அதன் பெயர் மொறை. ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுப் பெண் வியாபாரத்துக்குப் போகாமல் நிற்பாள். மற்ற வீட்டுக்காரிகள் தங்கள் குடங்களைத் தெருவில் வரிசையாக வைத்துவிட்டுப் போவார்கள். லாரி வந்ததும் மொறைக்காரி எல்லாக் குடங்களையும் பிடித்து, வீட்டு வாசல்தோறும் வைத்துவிடுவாள். அன்றைக்கு அவள் வீட்டுக் குழம்புக்கான மீன் மற்றவர்கள் பொறுப்பு. தெருவில் எல்லாவற்றுக்கும் சண்டை உண்டு. மொறைக்கு மட்டும் கிடையாது.

மேடம் மேற்கே ஒரு நகரத்துக்குப் போய் வந்தார். தண்ணீர் உரிய வீட்டுக்குத்தான் போகிறது என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்று கற்றுக்கொண்டு வந்தார். இனிமேல் லாரி தெருவுக்கு வந்ததும் ஒவ்வொரு வீட்டு போனுக்கும் ஓர் எண் வரும். அந்த ஓடிபியைச் சொன்னால் காதர் பாய் தன் போனில் அடிப்பார். அடித்தால்தான் அந்த வீட்டுக் குடத்துக்குத் தண்ணீர். கேஸ் சிலிண்டருக்கு நடக்கிறதே, தண்ணீருக்கு ஏன் நடக்கக் கூடாது? நியாயமான கேள்விதான். நானும் வெற்றிக் கதையை எழுதி வைத்தேன்.

முதல் நாள் மொறை கன்னியம்மாவுடையது. தெருவில் எல்லோரும் ஒரு பேச்சுக்கு அடங்குவார்கள் என்றால் அது கன்னியம்மாவின் பேச்சு. லாரி வந்தது. எண்கள் போயின. போன்களில் பாதி காசிமேட்டில் மீன்காரிகளின் இடுப்பில் இருந்தன. இரண்டைத் தவிர மீதி சிக்னல் எட்டாத கடலில் இருந்தன. நான் குறிப்பெடுப்பதற்காகப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"ரெண்டு வூட்டு நம்பரு தான் பாய் கீது. மத்த வூட்டாளுங்க கடல்ல கீறாங்கோ. இன்னா, மீனாண்ட கேட்டு சொல்லவா?" என்றாள் கன்னியம்மா.

"நான் இன்னாம்மா பண்றது?" என்றார் காதர் பாய். "நம்பர் அடிக்காம குழாயத் தொறந்தா ஆபீசுக்குத் தெரிஞ்சி போவுது. அப்பால எனக்கு பேஜாரு."

"தண்ணி தெரியுது, குடம் தெரியுது, நான் தெரியுறேன். உன் போனுக்கு மட்டும் எதுவும் தெர்ல."

இரண்டு வீட்டுக் குடங்களை மட்டும் நிரப்பிவிட்டுக் காதர் பாய் மீதித் தண்ணீரோடு திரும்பிப் போனார். அன்று மாலை மீன் விற்று வந்த பெண்கள் தண்ணீருக்காகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்தார்கள்.

அடுத்த வாரம் மேடம் நேரில் ஆய்வுக்கு வந்தார். தெருவில் வழக்கம்போலக் குடங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு குடத்தின் வாய்மேலும் ஒரு தட்டு. தட்டின் மேல் ஒரு போன். எந்த போன் எந்த வீட்டுடையது என்று மொறைக்காரி குழம்பக் கூடாது என்பதற்காகப் பெண்கள் போனையும் குடத்தோடு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். லாரி தெருமுனையில் திரும்பியதும் குடங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவ ஆரம்பித்தன. மொறைக்காரி ஓடி ஓடி எண்களை வாசித்தாள். ஒரு போன் அதிர்ந்து நகர்ந்து, தட்டை எடுத்து நிரப்பிவைத்த பக்கத்துக் குடத்துக்குள் விழுந்தது. அந்த வீட்டின் அத்தாட்சி தண்ணீரோடு போயிற்று.

மேடம் மண்டி போட்டு, நல்ல கோணம் பார்த்து, அந்த வரிசையைப் படம் எடுத்தார். "ஒவ்வொரு குடும்பமும் எப்படி டிஜிட்டலா இணைஞ்சிருக்கு பாருங்க" என்றார் என்னிடம். நான் அதையே தலைப்பாக எழுதிக்கொண்டேன்.

ஆனால் போன் குடத்தின் மேல் இருந்தால் இடுப்பில் இருக்காது. ஓட்டல்காரர்கள் காலையில் கூப்பிட்டு வஞ்சரம் கேட்பார்கள், சங்கரா கேட்பார்கள். கூப்பிட்டால் தெருவில் ஒரு குடம் மணியடிக்கும். வியாபாரம் அடுத்த கூடைக்காரிக்குப் போயிற்று. இரண்டு வாரம் பொறுத்துவிட்டுக் கன்னியம்மா அலுவலகத்துக்கு வந்தாள். மேடத்தின் எதிரில் உட்கார்ந்தாள். நான் ஓரமாக நின்றேன்.

"மேடம், வூட்டுக்கு ஒரு நம்பரு வோணாம். தெருவுக்கு ஒரே நம்பரு குடு. அன்னிக்கி மொறை யாரோ அவகிட்ட ஒரே ஒரு போனு இருக்கட்டும். அவ சொல்லுவா, பாய் அடிப்பாரு, அல்லா வூட்டுக்கும் தண்ணி வுட்டுட்டு போவட்டும்."

"இது எங்கமா நடக்குது?"

"எங்க தெருவுல தான். எங்க அம்மா காலத்துலேர்ந்து நடந்துகினு கீது."

"அது சரி. ஆனா மாடல்னு ஒண்ணு வேணும்ல? மேல கேப்பாங்க."

கன்னியம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "துபாய்ல நடக்குது மேடம்."

"துபாய்லயா?"

"ஆமா. எங்க நாத்தனா பையன் அங்க தான் கீறான். போன்ல சொன்னான்."

"அங்க குடத்துலயா தண்ணி புடிக்கிறாங்க?"

"குடம்னு சொல்ல மாட்டாங்கோ. இங்கிலீசுல எதுனா பேரு வெச்சிருப்பாங்கோ."

மேடம் அவளைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அறையில் மின்விசிறி மட்டும் தன் கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு மேடம் பேனாவைத் திறந்து எழுதினார்: 'வளைகுடா நாடுகளில் நடைமுறையில் உள்ளதாகத் தெரியவருகிறது.'

அவர் நம்பித்தான் எழுதினாரா என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. தெருவுக்கு ஒரே எண், ஒரே போன். போன் மட்டும் மொறையோடு வீடு மாறும். பெண்கள் தங்கள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனார்கள். லாரி வந்தது, குடங்கள் நிறைந்தன. சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. அரசுத் திட்டத்துக்கு அதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. ஆனால் ஒன்றும் நடக்காததை ஒரு பக்கத்துக்கு எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மேடம் அந்தக் கதையை எடுத்துக்கொண்டு ஒரு பெரிய கருத்தரங்குக்குப் போனார். முதல் முறையாகக் கற்றுக்கொள்ளப் போகாமல் சொல்லிக்கொடுக்கப் போனார். திரும்பி வந்தபோது பீரோவில் தொங்கிய புது அட்டையில் சிவப்பு நாடா இருந்தது. பேச்சாளர்களுக்கு சிவப்பாம். எத்தனையோ ஊர்க்காரர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள் என்று சொன்னார். அந்த வாரம் முழுக்க எங்கள் தாமதங்களை எல்லாம் மன்னித்தார்.

மறு வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தெற்கே ஒரு மாவட்டம் கண்டுபிடித்த புதுமையான தண்ணீர் விநியோக முறையை எல்லா அலுவலகங்களும் பின்பற்ற வேண்டும். தெருவுக்கு ஒரு பொறுப்பாளர், அவரிடம் ஒரே போன், ஒரே எண். பெயர், 'நீர்த் தோழி'. சுற்றறிக்கையின் மேலட்டையில் வரிசையாகக் குடங்கள், குடங்களின் மேல் போன்கள். படத்துக்குக் கீழே அந்த மாவட்டத்தின் பெயர்.

"மேடம், இது நம்ம தெரு" என்றேன். "நீங்க எடுத்த படம்."

மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "படம் நல்லா வந்திருக்கு" என்றார்.

அந்த மாவட்டம் சும்மா நகலெடுக்கவில்லை; முன்னேற்றியிருந்தது. நீர்த் தோழி ஒரே ஆளாக இருக்க வேண்டும். லாரி வரும்போதெல்லாம் காதர் பாயின் போன் அவள் முகத்தைப் படம் பிடித்து, பதிவில் உள்ள முகம்தானா என்று பார்க்கும். முகம் ஒத்துப்போனால்தான் தண்ணீர். இன்று ஒருத்தி, நாளைக்கு ஒருத்தி என்றால் இயந்திரம் ஏற்காது. அதாவது மொறை கிடையாது.

சேதி தெருவுக்கு எப்படிப் போயிற்றோ தெரியாது, மறுநாளே கன்னியம்மா வந்துவிட்டாள்.

"தெனமும் ஒருத்தியே வூட்ல குந்திகினு இருக்கணும்னா, அவ பொழப்பு இன்னா ஆவுறது மேடம்? நாலு நாள் கடைக்கி வர்லன்னா அவ குந்துற எடத்துல இன்னொருத்தி கூடைய எறக்கிடுவா. யாரு மூஞ்சிய குடுக்கறது? யாரு குடுத்தாலும் அவ வூட்ல அடுப்பு எரியாது. யாரும் குடுக்கலன்னா தெருவுக்கே தண்ணி கெடையாது."

மேடம் சுற்றறிக்கையை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"எவன் கண்டுபுட்ச்சான் இத்த?" என்றாள் கன்னியம்மா.

"தெக்க ஒரு மாவட்டம்" என்றேன்.

"அவுனுங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

நான் பீரோவில் தொங்கிய சிவப்பு நாடாவைப் பார்த்தேன். மேடம் சுற்றறிக்கையைக் கையில் எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, அடிக்குறிப்பு உட்பட, பயிற்சி வகுப்பில் படிப்பதுபோல நிதானமாகப் படித்தார். அப்புறம் கன்னியம்மாவிடம், "நீங்க போய்ட்டு வாங்கமா. நான் பாக்குறேன்" என்றார். அதிகாரிகள் சொல்கிற எல்லா 'பாக்குறேன்'களையும் கேட்டுப் பழகியவள் கன்னியம்மா. எழுந்து போனாள்.

ஒவ்வோர் அலுவலகமும் முதலில் ஓர் இடத்தில் இந்த முறையைச் செய்துகாட்ட வேண்டும், அதுவரை மற்ற இடங்களில் பழைய முறையே தொடரலாம் என்று சுற்றறிக்கையில் இருந்தது. சிக்னல் தடையில்லாத இடமாக, நாள் முழுதும் வீட்டில் இருக்கக்கூடிய பொறுப்பாளர் உள்ள இடமாக இருக்க வேண்டும் என்றும் இருந்தது. மேடம் அதன் கீழே பென்சிலால் கோடு போட்டார். பிறகு இடத்தைத் தேர்ந்தெடுத்தார்: அரசு அலுவலர் குடியிருப்பு.

அந்தக் குடியிருப்பில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். மூடினாலும் கொஞ்ச நேரம் வரும். ஆனால் சிக்னல் பிரமாதம். நாள் முழுதும் வீட்டில் இருக்கிற ஆளும் கிடைத்தார்: மகன் வீட்டில் தங்கியிருந்த ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் ஒருவர். ஆணாக இருந்ததால் பதிவேட்டில் நீர்த் தோழர் ஆனார். காலையிலேயே குளித்து, பவுடர் போட்டு, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருப்பார். பணி ஓய்வுக்குப் பிறகு அவர் முகத்தை அதிகாரபூர்வமாகக் கேட்டு வந்த முதல் ஆள் காதர் பாய்தான். போனுக்கு நேராக முகத்தை நீட்டுவார். இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். காதர் பாய் குழாயைத் திறந்து வாசலில் இருக்கும் குரோட்டன்ஸ் செடிகளுக்குக் கொஞ்சம் விடுவார். "நல்லா வுழுதா சார்?" "நல்லா வுழுது பாய்." அத்தோடு லாரி நேராக எண்ணூர்ப் பக்கம் கிளம்பிவிடும். அங்கே பழைய உத்தரவுப்படி, அன்றைய மொறைக்காரி ஒரே போனோடு நின்றுகொண்டிருப்பாள்.

மூன்றாவது மாதம் எங்கள் அலுவலகம் அந்தத் திட்டத்தில் முன்னணியில் வந்தது. ஒரு நாள்கூட முகம் தவறவில்லை. ஒரு புகார் இல்லை. கண்காணிப்பாளர் படத்தோடு வெற்றிக் கதை கேட்டார்கள்.

நான் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மேடம் படித்துப் பார்த்தார். கடைசிப் பத்தியில், அதே லாரி பிறகு மீனவர் தெருவுக்கும் போகிறது, அங்கே மொறை என்ற பழைய ஏற்பாடும் நல்லபடியாக நடக்கிறது என்று, உண்மை கொஞ்சமாவது இருக்கட்டுமே என்ற ஆசையில், இரண்டு வரி சேர்த்திருந்தேன். அவர் பேனாவை எடுத்து அந்த இரண்டு வரிகளையும் அடித்தார். ஓர் எழுத்துகூடத் தெரியாதபடி, பொறுமையாக, மேலே மேலே அடித்தார்.

"அது உண்மைதானே மேடம்?" என்றேன்.

"உண்மைதான் சார். எழுதிடாதீங்க. எழுதுனா யாராவது வந்து கத்துக்குவாங்க."